சமூகவியலாளர்கள் புது ஊடகத்தைக் கண்டாலே ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. முதலாம் ஆண்டு சமூகவியல் படிக்கிறீர்கள். ஊடகம் பற்றிய பாடத்துக்கு எதை எடுத்துப் படித்தாலும் மனிதர்கள் தனிமைப்படுகிறார்கள், குடும்பம் குலைகிறது, பொதுவிவாதம் செத்துவிட்டது என்றே இருக்கிறது. "இவர்கள் உண்மையிலேயே எதையாவது கண்டுபிடித்திருக்கிறார்களா, இல்லை அந்தக் காலம் போல வருமா என்று புலம்புகிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், பாதி விளையாட்டாக, "பேசாமல் என் கணக்குகளை எல்லாம் மூடிவிடலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். யார் என்ன சொன்னார்கள் என்ற பட்டியல் உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கும். அதில் எதை நம்புவது என்பதுதான் உங்கள் கேள்வி. இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். அதற்கு முன்னால் சில வருடங்கள் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய கள ஆய்வாளன். அதனால் கோட்பாட்டை ஆசிரியனாகப் படிப்பேன், எண்ணைப் பார்த்தால் மட்டும் பழைய களப்பணியாளன் விழித்துக்கொள்வான். இந்தப் பதிலும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் அந்தப் "புலம்பல்" விஷயம். இதைப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் பிளேட்டோவை இழுப்பார். எழுத்து வந்தால் மனிதர்கள் நினைவாற்றலை இழப்பார்கள், படித்ததை அறிவு என்று எண்ணி ஏமாறுவார்கள் என்று எகிப்திய மன்னன் ஒருவன் எச்சரித்ததாக அவருடைய உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் சொல்கிறார். பார்த்தீர்களா, எழுத்துக்கே இப்படிச் சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்பது வாதம். எனக்கு இது சோம்பேறித்தனமான வாதமாகவே படுகிறது. ஒன்றும் ஆகாமல் இல்லை. எழுத்து பரவிய இடங்களில் ஆயிரக்கணக்கான வரிகளை மனப்பாடமாகச் சுமந்த வழக்கம் தேய்ந்துதான் போனது. அந்த மன்னன் இழப்பைச் சரியாகவே பார்த்தான், வரவைத்தான் பார்க்கவில்லை. அப்புறம், முன்னால் பத்துப் பேர் தப்பாகப் பயந்தார்கள் என்பதால் பதினோராவது ஆளின் பயமும் தப்பு என்று ஆகிவிடாது. புலி வருது கதையில் கடைசியில் புலி வந்துவிடுகிறதே.

ஆனால் இந்த அவநம்பிக்கை ஊடகத்தோடு பிறந்ததில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சமூகவியலே ஏறக்குறைய இந்த மனநிலையில்தான் பிறந்தது. ஜெர்மன் சமூகவியலாளர் டோனீஸ் 1887-இல் உறவாலும் பழக்கத்தாலும் கட்டப்பட்ட சமுதாயம் போய், ஒப்பந்தத்தாலும் கணக்காலும் கட்டப்பட்ட சமூகம் வருகிறது என்று எழுதினார். இன்னொரு ஜெர்மன் சமூகவியலாளர் சிம்மல் 1903-இல் பெருநகர மனிதனைப் பற்றி எழுதும்போது, ஓயாமல் வந்து மோதும் தூண்டல்களிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அவன் எதற்கும் அசையாத ஒரு மனநிலைக்குப் போய்விடுகிறான் என்றார். (அந்தப் பக்கங்களில் "நகரம்" என்ற சொல்லுக்குப் பதிலாக "டைம்லைன்" என்று போட்டுப் படித்துப் பாருங்கள், பெரும்பகுதி அப்படியே நிற்கும்.) 1938-இல் சிகாகோவில் லூயிஸ் வர்த் அதையே நகரவாழ்வு பற்றிய கோட்பாடாக்கினார். ஆக, கதகதப்பான பழைய உறவு, குளிர்ந்த புதிய உறவு என்ற சட்டையை முதலிலேயே தைத்து வைத்துவிட்டார்கள். தொழிற்சாலை போட்டுக்கொண்டது, நகரம் போட்டுக்கொண்டது, பிறகு வானொலி, தொலைக்காட்சி, இணையம், கைபேசி. ஒரு வாதத்தைப் படிக்கும்போது, இது இந்த ஊடகத்தைப் பார்த்து எழுதப்பட்டதா, இல்லை இருக்கிற சட்டைக்குள் இந்த ஊடகத்தைத் திணித்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

அடோர்னோவையும் ஹோர்க்கைமரையும் மாணவர்கள் பெரும்பாலும் தப்பாகவே படித்துவிட்டு வருகிறார்கள். உயர்ந்த இசை கேட்டு வளர்ந்த இரண்டு ஜெர்மானியர்கள் அமெரிக்க சினிமாவைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள் என்று ஒரு சித்திரம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, மறுக்க மாட்டேன். நாஜிகளிடமிருந்து தப்பி வந்து, நாடு விட்டு நாட்டில் உட்கார்ந்து 1940-களில் எழுதியவர்கள் அவர்கள். "பண்பாட்டுத் தொழிற்சாலை" என்ற அத்தியாயத்தில் ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். தொலைபேசி தன்னைப் பயன்படுத்துகிறவரைப் பேசுகிற ஆளாக இருக்கவிட்டது, வானொலியோ எல்லோரையும் சமமாகக் கேட்கிற ஆளாக ஆக்கிவிட்டது என்கிறார்கள். இந்த ஒரு வாதத்தை வைத்து மட்டும் பார்த்தால் இன்றைய ஊடகத்தைக் கண்டு அவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். இப்போதுதான் எல்லோரும் பேசுகிறோமே! எனவே ஒருவழிப் பாதை என்ற அவர்கள் குற்றச்சாட்டு இன்றைக்குச் செல்லாது. ஆனால் அதே அத்தியாயத்தில் இன்னொரு குற்றச்சாட்டும் இருக்கிறது. வாடிக்கையாளர்களை முன்கூட்டியே வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு சரக்கைத் தயாரித்து, அதையே "உன் விருப்பம்" என்று அவர்களிடம் விற்பது. 1940-களில் அதைச் செய்ய விளம்பரத் துறையிடம் தோராயமான வருமானப் பட்டியல்கள் இருந்தன. இன்றைக்கு என்ன இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இப்படி ஒரே நூலில் ஒரு பாதி காலாவதியாகி மறு பாதி கூர்மையாவது இந்தத் துறையில் சாதாரணம். மொத்தமாக ஏற்கவோ மொத்தமாகத் தள்ளவோ தேவையில்லை.

எனக்குப் பிடித்த அவநம்பிக்கைக் கட்டுரை, அமெரிக்காவில் பணியாற்றிய சமூகவியலாளர்கள் லாசர்ஸ்ஃபெல்டும் மெர்ட்டனும் 1948-இல் எழுதியது. வெகுஜன ஊடகம் மக்களை மயக்க மருந்து கொடுத்தது போல ஆக்குகிறது என்றார்கள். பொய் சொல்லி மயக்குவதில்லை, நிறையத் தகவல் கொடுத்தே மயக்குகிறது. ஒரு பிரச்சினையைப் பற்றித் தெரிந்துகொள்வதையே அதைப் பற்றி ஏதோ செய்துவிட்டதாக மனிதர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நம்மை நாமே பார்க்கலாம். யாரோ யாரையோ அடிக்கும் ஒரு காணொளி வருகிறது. உடம்பு சூடாகிறது. கோப முகத்தைத் தட்டுகிறோம், மூன்று குழுக்களுக்கு அனுப்புகிறோம், யாரோ "அநியாயம்" என்று பதில் போடுகிறார், அதற்கு ஒரு கட்டைவிரல். நாற்பது விநாடியில் அடுத்த காணொளி, பூனை. ஒரு கடமையை முடித்துவிட்ட நிம்மதி உண்மையிலேயே வருகிறது, அதுதான் விசேஷம். இதை எண்ணாக நிரூபிப்பது கடினம். அனுப்பியவர்களில் சிலர் மறுநாள் தெருவில் இறங்கவும் செய்கிறார்கள். இருந்தாலும் எங்கே பார்க்க வேண்டும் என்று சரியாகக் கைகாட்டிய கட்டுரை அது.

இதே லாசர்ஸ்ஃபெல்டின் களத் தரவு அவருடைய கோட்பாட்டைவிட நிதானமானது. 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேட்டி எடுத்தார்கள். ஊடகம் ஓட்டை மாற்றும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு, ஓட்டை மாற்றுவது பக்கத்தில் இருக்கும் ஆள்தான் என்று தெரிந்தது. வானொலியில் கேட்டதைச் சிலர் வாங்கி, தங்கள் வட்டத்துக்குத் தங்கள் வாயால் சொன்னார்கள். எழுதுமேசையில் அவநம்பிக்கை, களத்தில் நிதானம் என்று ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன. இந்தத் துறையின் கதை முழுக்க இப்படித்தான் போகிறது.

தனிமை பற்றிய வாதத்துக்கு வருவோம். நீங்கள் அதிகம் படித்திருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். அமெரிக்க அரசியல் அறிஞர் புட்னம் 1995-இல் ஒரு கட்டுரையாகவும் 2000-இல் பெரிய நூலாகவும் எழுதினார்: அமெரிக்கர்கள் பௌலிங் எனும் பந்து உருட்டும் விளையாட்டை முன்பைவிட அதிகமாக ஆடுகிறார்கள், ஆனால் சங்கமாகச் சேர்ந்து ஆடுவது சரிந்துவிட்டது. சங்கங்கள், கூட்டங்கள், வீட்டுக்கு விருந்தாளி வருவது, எல்லாவற்றிலும் இதே இறக்கம். இறக்கம் எப்போது தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். 1960-களின் பிற்பகுதி, 70-கள். அப்போது இணையம் பொதுமக்கள் கையில் இல்லவே இல்லை. புட்னமின் பழி பெரும்பாலும் தலைமுறை மாற்றத்தின் மேலும் தொலைக்காட்சியின் மேலும்தான். இன்றைக்கு அவரை மேற்கோள் காட்டி ஸ்மார்ட்போனைத் திட்டும் கட்டுரைகளைப் பார்க்கிறேன். காக்கை உட்காருவதற்கு இருபது முப்பது வருடம் முன்னாலேயே விழுந்துவிட்ட பனம்பழம் அது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு இன்னொரு பாடம். 73 வீடுகளில் இருந்த 169 பேர், இணையம் வந்த முதல் ஓரிரு வருடங்கள். அதிகம் பயன்படுத்தியவர்களிடம் தனிமையும் சோர்வும் கொஞ்சம் கூடியிருந்தன, வீட்டில் உள்ளவர்களோடு பேச்சு குறைந்திருந்தது. செய்தித்தாள்கள் அள்ளிக்கொண்டன. அதே குழு அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் மறுபடி எழுதியது: அந்தக் கெட்ட விளைவுகளில் பெரும்பாலானவை கரைந்துவிட்டன. புதிய ஆட்களை வைத்துப் பார்த்ததில், கலகலப்பாகப் பழகுகிறவர்களுக்கு இணையம் நன்மை செய்தது, ஒதுங்கி இருக்கிறவர்களை இன்னும் ஒதுக்கியது. இருக்கிறவனுக்கே இன்னும் சேரும் என்பது போல. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் அதிக சுவாரசியம். ஆனால் மாணவர்கள் கொண்டுவரும் கட்டுரைகளில் பத்துக்கு ஒன்பது முதல் ஆய்வோடு நின்றுவிடும்.

அடுத்து, என் பழைய தொழிலோடு நேராக இணையும் ஒரு கதை. அமெரிக்காவில் வெகுகாலமாக நடந்துவரும் பொதுச் சமூக ஆய்வில் ஒரு கேள்வி உண்டு: கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு முக்கியமான விஷயங்களை யாரோடு பேசினீர்கள்? 1985-இல் சராசரி 2.94 பேர். 2004-இல் 2.08 பேர். "யாருமில்லை" என்றவர்கள் பத்து சதவீத அளவிலிருந்து ஏறக்குறைய 25 சதவீதமாக ஏறியிருந்தார்கள். மெக்ஃபர்சனும் அவருடைய சகாக்களும் 2006-இல் இதை வெளியிட்டபோது துறையே அதிர்ந்தது. அவர்கள் நிதானமாகத்தான் எழுதினார்கள், வெளியே போன செய்தி மட்டும் "நாலில் ஒருவருக்கு மனம் விட்டுப் பேச ஆளில்லை, காரணம் இணையம்" என்று ஆனது.

எனக்கு அந்த எண்ணைப் படித்ததும் ஒரு வாசற்படி நினைவுக்கு வந்தது. இதே மாதிரிக் கேள்வி எங்கள் தாளிலும் இருந்தது. பேட்டி கொடுப்பவர் ஒரு பெயர் சொன்னால் போதும், அந்தப் பெயருக்கு ஏழெட்டுக் கிளைக்கேள்விகள்: வயது என்ன, என்ன உறவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை பேசுவீர்கள், அவருக்கும் மற்றவருக்கும் பழக்கம் உண்டா? மூன்று பெயர் சொன்னால் இன்னும் அரை மணிநேரம். இரண்டாவது வாரம் கடைசி வீடு. நாற்பதாவது நிமிடம். அந்தம்மா கதவுநிலையில் சாய்ந்தபடி, "யாருமில்லை தம்பி, அப்படியெல்லாம் யாரோடும் பேசறதில்லை" என்றார். பேசிக்கொண்டிருந்தபோதே அவருடைய கைபேசி இரண்டு முறை அடித்தது. இரண்டு முறையும் எடுத்து, "அக்கா, ஒரு தம்பி வந்திருக்கு, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்தார். நான் தாளில் "யாருமில்லை" என்று பதிந்தேன். அவருக்கும் வேலை முடிந்தது, எனக்கும் முடிந்தது.

அதனால் 2009-இல் கிளாட் ஃபிஷர், இந்த எண் சமூகத்தில் நடந்த மாற்றம்தானா, இல்லை ஆய்வு நடந்த விதத்தால் வந்த கோளாறா என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. பல சங்கங்களில் உறுப்பினராக இருப்பவர்கள்கூட "யாருமில்லை" என்று பதிவாகியிருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு அந்தத் தனிமையைப் பேட்டியாளர்கள் பக்கம் தேடிப் போனது. யார் பேட்டி எடுத்தார் என்பதைப் பொறுத்துப் பெயர்களின் எண்ணிக்கை பெரிய அளவில் மாறுகிறது, அந்த விளைவைக் கழித்துப் பார்த்தால் பெரிய சரிவு நிற்கவில்லை என்றது. தனிமையே பொய் என்று நான் சொல்லவரவில்லை. தனிமையான மனிதர்கள் உண்டு, அவர்கள் படும் பாடும் உண்மை. "முன்பைவிடப் பல மடங்கு, அதுவும் இணையத்தால்" என்ற வாக்கியத்துக்கு அந்தப் பிரபலமான எண் ஆதாரமாகாது என்றுதான் சொல்கிறேன்.

எதிர்ப்பக்கத்துத் தரவும் இருக்கிறது. டொரண்டோ அருகே புதிதாகக் கட்டிய ஒரு குடியிருப்பில் சில வீடுகளுக்கு அதிவேக இணையமும் அக்கம்பக்கத்தாருக்கான மின்னஞ்சல் குழுவும் கிடைத்தன, சில வீடுகளுக்குக் கிடைக்கவில்லை. 1990-களின் இறுதியில் ஹாம்ப்டனும் வெல்மனும் பார்த்தபோது, இணைப்பு கிடைத்தவர்களுக்குப் பெயர் தெரிந்த அயலார் மற்றவர்களைவிட மூன்று மடங்கு. பின்னாளில் ஹாம்ப்டன் இன்னொன்று செய்தார். அமெரிக்க நகரங்களின் பொது இடங்களைப் பல பத்தாண்டுகளுக்கு முன் படம் பிடித்து வைத்திருந்தார்கள். அதே இடங்களில் மறுபடி கேமரா வைத்து, யார் தனியாக இருக்கிறார்கள், யார் கூட்டமாக என்று ஒவ்வொரு தலையாக எண்ணினார்கள். தனியாக இருப்பவர்களின் விகிதம் பொதுவாகக் குறைந்திருந்தது. கைபேசியில் மூழ்கி இருந்தவர்கள் மொத்தத்தில் சிறு பங்கு, அவர்களிலும் பெரும்பாலோர் தனியாக வந்தவர்கள். பெண்கள் பொது இடங்களில் அதிகம் தென்பட்டார்கள். "எல்லோரும் செல்லைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்" என்ற நம் கண்கண்ட சாட்சிக்கு இது நேர் எதிர். ஆனால் அந்தப் படப்பிடிப்பு 2010-ஐ ஒட்டி நடந்தது. அதற்குப் பிறகு கைபேசியே வேறு பொருளாகிவிட்டது, அதனால் இதை வைத்து இன்றைக்குச் சத்தியம் செய்ய முடியாது.

பிள்ளைகளின் மனநலம் பற்றி மட்டும் நான் கொஞ்சம் ஒதுங்கி நின்றே பேசுவேன். அது உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் மல்லுக்கு நிற்கிற களம், நான் வெளியிலிருந்து படிக்கிறவன். ஜீன் ட்வெங்கி 2017-இலும் ஜோனதன் ஹைட் 2024-இலும், 2010-களின் தொடக்கத்திலிருந்து பதின்வயதினரிடம் ஏறும் மனச்சோர்வுக்கு ஸ்மார்ட்போனும் சமூக ஊடகமும் முக்கியக் காரணம் என்று எழுதினார்கள். ஆர்பனும் ஷிபில்ஸ்கியும் 2019-இல் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பதின்வயதினரின் தரவை அலசி, அவர்களின் நலவாழ்வில் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாடு விளக்குகிறது என்றார்கள். ஏற்றம் நடந்திருக்கிறது என்பது பல நாட்டுத் தரவில் தெரிகிறது. காரணம் இதுதானா என்பதில்தான் சண்டை, அது இன்னும் முடியவில்லை. களப்பணியாளனாக எனக்கு ஒரு குறை உண்டு. "திரை நேரம்" என்று ஒன்றை அளக்கிறார்களே, தூரத்தில் இருக்கும் பாட்டியோடு வீடியோவில் பேசிய ஒரு மணிநேரமும், ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் யார் யாரோ எப்படி எப்படியோ வாழ்வதை ஸ்க்ரோல் செய்த ஒரு மணிநேரமும் அதில் ஒரே எண். அப்படி அளந்தால் சராசரி சின்னதாகத்தான் வரும். அந்தச் சின்ன எண்ணுக்குள் நொந்துபோன ஒரு சிறு கூட்டம் ஒளிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

பொதுவிவாதம் கெட்டுவிட்டதா என்பது இதைவிட வளமான கேள்வி. ஜெர்மன் தத்துவவாதி ஹேபர்மாஸ் 1962-இலேயே, காப்பிக்கடைகளிலும் பத்திரிகைகளிலும் வளர்ந்த பொதுவெளி, அதாவது மக்கள் பொது விஷயங்களை விவாதிக்கும் களம், வணிக ஊடகத்தால் சிதைந்தது என்று எழுதியவர். (அந்தக் காப்பிக்கடைகளுக்குள் பெண்களும் கூலிக்காரர்களும் எந்த அளவுக்கு இருந்தார்கள் என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.) இணையம் வந்ததும் காஸ் சன்ஸ்டீன் 2001-இல், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்டுக்கொண்டு தனித்தனி அறைகளுக்குள் போய்விடுவார்கள் என்று எச்சரித்தார். 2011-இல் ஈலை பாரிசர், அந்த அறையை நமக்காக அல்காரிதமே, அதாவது யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் கணினி விதியே, கட்டுகிறது என்றார். கேட்க ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, நானே பல வருடம் வகுப்பில் இதை ஒப்பித்திருக்கிறேன். தரவு அவ்வளவு ஒத்துழைக்கவில்லை. 2017-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், கட்சிப் பகை அதிகம் ஏறியது இணையத்தைக் குறைவாகப் பயன்படுத்தும் முதியவர்களிடம். 2018-இல் கிரிஸ் பெய்ல் குழு ட்விட்டர் பயனர்களுக்கு எதிர்த்தரப்புக் கருத்துகளை ஒரு மாதம் காட்டிப் பார்த்தது. மனம் இளகும் என்று எதிர்பார்த்தால், குறிப்பாகக் குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்கள் பக்கம் இன்னும் இறுகிப்போனார்கள்.

அப்படியானால் சிக்கல் சுவரில் இல்லாமல், சுவர் இல்லாததில் இருக்கலாம் என்பது என் சந்தேகம். சந்தேகம்தான், நிரூபணம் என்று எழுதிவிடாதீர்கள். 1959-இல் சமூகவியலாளர் கோஃப்மன், நாம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு முகம் காட்டி, மேடைக்குப் பின்னால் போய் மூச்சு விட்டுக்கொள்கிறோம் என்றார். சமூக ஊடகத்தில் மேடைக்குப் பின்புறம் என்று ஒன்று ஏறக்குறைய இல்லை. ஒரு படத்தைப் போடுகிறீர்கள். கல்லூரி நண்பன் கிண்டலடிக்கிறான், சித்தப்பா புத்தி சொல்கிறார், மேலதிகாரி மௌனமாகப் பார்த்துவிட்டுப் போகிறார், முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் சாதி மதத்தைத் தோண்டுகிறார். நேரில் இந்த நாலு பேரையும் ஒரே அறையில் உட்காரவைக்க நாம் கனவிலும் துணிய மாட்டோம். எதிர்க்கருத்து நமக்குக் கிடைக்காமல் இல்லை. அது அதன் மிக மோசமான வாயிலிருந்து, தயாரிப்பே இல்லாத நேரத்தில் வந்து விழுகிறது.

சரி, இவ்வளவையும் கழித்துவிட்டு நான் எதில் உறுதியாக நிற்கிறேன்? மனிதர்கள் மாறிவிட்டார்கள் என்ற அவநம்பிக்கை பலவீனமானது. நாம் பேசிக்கொள்ளும் இடம் யாருடையது, அதை எதற்காகக் கட்டியிருக்கிறார்கள் என்ற அவநம்பிக்கை பலமானது. 1971-இலேயே ஹெர்பர்ட் சைமன், தகவல் பெருகினால் அது தின்னும் பொருள், அதாவது கவனம், அருகிப்போகும் என்றார். அருகிப்போன பொருளுக்கு விலை வரும், விலை வந்தால் வியாபாரி வருவான். 2019-இல் ஷோஷானா ஜூபாஃப் எழுதிய கண்காணிப்பு முதலாளித்துவம் பற்றிய நூலின் அடிப்படை இதுதான்: நம் நடத்தையே கச்சாப்பொருள், நாம் அடுத்து என்ன செய்வோம் என்ற கணிப்புதான் விற்பனைச் சரக்கு. அவருடைய தொனி எனக்குச் சில இடங்களில் மிகை. ஆனால் 2014-இல் வெளியான ஃபேஸ்புக் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 6,89,003 பேருக்கு வரும் பதிவுகளில் மகிழ்ச்சியையோ சோகத்தையோ குறைத்து, அவர்கள் எழுத்து மாறுகிறதா என்று பார்த்தார்கள். அவர்களிடம் தனியாக அனுமதி கேட்கவில்லை. கிடைத்த விளைவு மிகமிகச் சிறியது. விளைவு சிறியதுதானே என்று ஒரு தரப்பு, பார்த்தீர்களா மனதையே மாற்றுகிறார்கள் என்று இன்னொரு தரப்பு. ஏழு லட்சம் பேர் காணும் உலகத்தை ஒரு வாரம் சாய்த்துப் பார்க்க ஒரு கம்பெனியால் முடிகிறது, சாய்ந்தது யாருக்குமே தெரிவதில்லை என்பதை வைத்துக்கொண்டுதான் நான் யோசிக்கிறேன்.

வதந்தியிலும் இப்படித்தான். 2018-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களைப் பார்த்து, பொய் உண்மையைவிட வேகமாகவும் தூரமாகவும் போகிறது, அதைத் தள்ளுவது பெரும்பாலும் எந்திரக் கணக்குகள் இல்லை, மனிதர்கள்தான் என்றது. உடனே மனித இயல்பைத் திட்டத் தோன்றும். ஆனால் அதே 2018-இல் வாட்ஸப், இந்தியாவில் வதந்தியால் மக்கள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. அடுத்த வருடம் அதை உலகம் முழுக்க விரித்தது. 2020-இல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றது. மனித இயல்பு அந்த இரண்டு வருடத்தில் மாறவில்லை, பொத்தான் மாறியது. பரவல் என்பது யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து எடுக்கும் முடிவு, நாம் அந்த அறையில் இல்லை.

நான் உண்மையில் தூக்கம் கெடுவது இதில்தான்: இதையெல்லாம் சரிபார்க்கும் வசதியும் அவர்கள் கையில். 2020 அமெரிக்கத் தேர்தலையொட்டி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் நடந்த ஆய்வுகள் 2023-இல் வெளிவந்தன. அல்காரிதத்தை எடுத்துவிட்டுப் பதிவுகளை நேர வரிசையில் காட்டினாலும் மூன்று மாதத்தில் அரசியல் மனப்பான்மை பெரிதாக மாறவில்லை என்றது ஒன்று. மதிக்கத்தக்க ஆய்வாளர்கள், ஒழுங்கான முறை. ஆனால் அந்தக் கம்பெனி கதவைத் திறந்துவிட்டதால்தான் அது நடந்தது. அதே 2023-இல் ட்விட்டர் தன் தரவை ஆய்வாளர்கள் இலவசமாக எடுக்கும் வழியை மூடியது. 2024-இல் ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனி, பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று ஆய்வாளர்கள் பார்த்துவந்த கிரவுட்டாங்கிள் கருவியை நிறுத்தியது. லாசர்ஸ்ஃபெல்ட் குழு ஒஹையோவில் யார் கதவையும் தட்ட முடிந்தது. இன்றைய மாணவருக்குத் தட்டவே கதவு இல்லை.

அதனால் கட்டுரை எழுதும்போது ஒவ்வொரு அவநம்பிக்கை வாதத்திடமும் எப்போதிலிருந்து, யாரோடு ஒப்பிட்டு, எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். தனிமை பற்றிய பல வாதங்கள் அந்த இடத்தில் திணறும். உடைமை பற்றிய வாதங்கள் அவ்வளவு சீக்கிரம் திணறாது. இது என் தீர்ப்பு, உங்கள் பேராசிரியர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இனி அந்தக் கடைசி வரி, கணக்கை மூடுவது. அதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை மூடிவைக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று ஆட்களிடம் கேட்டார்கள். நடுவில் நின்ற தொகை 100 டாலர். சிலரைப் பணம் கொடுத்து மூடவைத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2020-இல் வந்தது. மூடியவர்களுக்குத் தினமும் சராசரியாக ஒரு மணிநேரம் மிச்சமானது. மன நிறைவு கொஞ்சம் கூடியது, கொஞ்சம்தான். அரசியல் காழ்ப்பு குறைந்தது, கூடவே நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. சோதனை முடிந்த சில வாரங்களுக்குப் பிறகும் பலர் முன்பைவிடக் குறைவாகவே திறந்தார்கள். மிச்சமான அந்த ஒரு மணிநேரத்தில் ஒரு பகுதி குடும்பத்தோடும் நண்பர்களோடும் போனது. இன்னொரு பகுதி, தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதில். புட்னம் யார் மேல் பழி போட்டாரோ, அதே பெட்டி.